கடல் தாண்டிய சமையற்கட்டு

வேறு நாட்டுக்குக் குடிபெயரும் ஒரு குடும்பம் தன் சமையற்கட்டிலிருந்து எதை எடுத்துச் செல்கிறது, எதை விட்டுச் செல்கிறது, புறப்படும் முன் எதைப் புதிதாக வாங்குகிறது என்னும் கேள்விக்குத் தமிழர் புலம்பெயர்வு பற்றிய எழுத்துகளில் உரிய இடம் கிடைத்ததில்லை. கப்பலேறியவர்களின் தலைக்கணக்கு, ஒப்பந்த ஆண்டுகள், கூலி, வழியில் நேர்ந்த இறப்புகள் ஆகியவை அரசு ஆவணங்களில் விரிவாகப் பதிவாகியிருக்க, அவர்களின் மூட்டைக்குள் இருந்த பாத்திரங்களைப் பற்றிய செய்திகள் சிதறியே கிடக்கின்றன. ஆயினும் சென்னைத் துறைமுகத்தில் தொடங்கி ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரைப் பகுதியின் வரலாற்றை இந்தக் கண்ணோட்டத்தில் படித்தால், ஒரு செய்தி தெளிவாகப் புலப்படும். வெளிநாடு செல்பவரின் சமையற்கட்டை நாக்கின் ருசி மட்டும் தீர்மானித்ததில்லை. கப்பல் ஏற்றுக்கொண்ட சுமை, சுங்கச் சட்டம் அனுமதித்த பொருள், போய்ச் சேர்ந்த ஊரில் பாய்ந்த மின்சாரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானித்தன. இன்று கணினியிலும் கைபேசியிலும் மிக்ஸியும் கிரைண்டரும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுபவரும் இந்த மூன்றுக்கும் கட்டுப்பட்டவரே.

இந்த வரலாற்றின் நடுவில் இருப்பது அரைக்கும் கருவி. சோறு வடிக்கும் பானைக்கும் குழம்பு கொதிக்கும் சட்டிக்கும் எந்த நாட்டிலும் ஏதோ ஒரு மாற்று கிடைத்துவிடும். ஆனால் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தண்ணீர் விட்டு மாவாக ஆட்டுவதும், தேங்காயையும் மிளகாயையும் மல்லியையும் ஈரப்பதத்தோடு விழுதாக அரைப்பதும் தென்னிந்தியச் சமையலின் தனி இயல்புகள். அவற்றுக்கென்றே அம்மியும் குழவியும், ஆட்டுக்கல்லும், உரலும் உலக்கையும் ஏற்பட்டன. அம்மி என்பது தட்டையான கல்லின்மேல் நீள்உருளையான குழவியை முன்னும் பின்னும் தள்ளி அரைப்பது. ஆட்டுக்கல் என்பது குழியுள்ள கல்லில் மற்றொரு கல்லைச் சுழற்றி ஆட்டுவது. இரண்டும் கருங்கல்லால் ஆனவை. ஆட்டுக்கல்லை ஒருவர் தனியாகத் தூக்குவது அரிது. சென்னைக்குத் தெற்கே பல்லாவரம் குன்றுகளில் வெட்டப்பட்ட கருங்கல் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கடல்வழியாகக் கல்கத்தாவுக்குச் சென்று, அந்நகரோடு பெயர் இணைத்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லானது. அதனால்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். பெரும் பதவியில் இருந்தவரின் கல்லறைக்காகக் கப்பலேறிய கல், கூலியாகப் போனவரின் அடுக்களைக்காகக் கப்பலேறுவது அத்தனை எளிதாக இருக்கவில்லை.

அதற்கு முதற்காரணம் சென்னைக் கடற்கரையின் அமைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை இங்கே கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல்கள் அலை உடையும் எல்லைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் மசூலா படகுகளில் ஏறி அலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. மசூலா என்பது ஆணி அடிக்காமல் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. அலை மோதும்போது உடையாமல் வளைந்துகொடுக்கும். அதைச் செலுத்திய படகோட்டிகளின் குடியிருப்பாகவே ராயபுரம் வளர்ந்தது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதால், ஆற்காட்டுப் பகுதியினர் மூட்டை முடிச்சுகளோடு கடற்கரைக்கு வந்துசேர இருப்புப்பாதை கிடைத்தது. 1861இல் இரும்புத் தூண்கள்மேல் நின்ற ஓர் இறங்குதுறைப் பாலம் திறக்கப்பட்டது. 1870களின் நடுவில் செயற்கைத் துறைமுகத்தின் வேலை தொடங்கியது. 1881 நவம்பரில் வீசிய புயல் அதைச் சிதைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்குத் தலைமையேற்ற பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங், மணல் அடைத்துக்கொண்டிருந்த கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயில் அமைத்த பின்னரே, பயணி தன் பெட்டியோடு கரையிலிருந்து நேரே கப்பலேறும் நிலை உறுதிப்பட்டது.

அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தக் கூலிகளாகப் போய்விட்டிருந்தனர். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேரைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் இறக்கியது. இப்படிச் சென்றவர்களுக்குச் சொந்தச் சமையற்கட்டு என்ற ஒன்று பயணத்தில் இருந்ததில்லை. கப்பலில் பொதுச் சமையல் நடந்தது. அரிசி, பருப்பு, உப்பு, புளி, மிளகாய், மஞ்சள், வெங்காயம் ஆகியவை ஆளொன்றுக்கு இவ்வளவு என்று அரசு விதிகளில் வரையறுக்கப்பட்டிருந்தன. கூலி ஆட்களின் உடல் தேறியிருக்க வேண்டும் என்ற கணக்கில் எழுதப்பட்ட அந்த விதிகள், அவர்கள் எப்படிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்பதையும் தம்மையறியாமல் பதிவு செய்துவிட்டன. போய்ச் சேர்ந்த இடத்தில் கல் கிடைத்தால் அரைக்கும் கருவி அங்கேயே உருவாயிற்று. மொரிஷியஸ் தீவில் எரிமலைப் பாறையைச் செதுக்கிச் செய்த அம்மி இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. இந்தியப் பின்னணி இல்லாத குடும்பங்களும் அதைப் பயன்படுத்தின. கருவி கடல் தாண்டாத இடத்தில், அதைச் செய்யும் கைப்பழக்கம் கடல் தாண்டியிருக்கிறது.

மலேயா, சிங்கப்பூர் பயணங்களில் நிலைமை வேறு. அங்கே ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டு, 1922இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் ஆட்கள் சென்றபோதும், அதன்பின் சொந்தச் செலவில் சென்றபோதும், அது போய்த் திரும்பக்கூடிய பயணமாக இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் ரஜுலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற வழித்தடத்தில் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. டெக் பயணி என்பவர் அறையோ படுக்கையோ இல்லாமல் கப்பலின் தளத்தில் பாய் விரித்துக்கொண்டு செல்பவர். அவருடைய டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருட்டும் கூடையுமே அவருக்கு ஒதுக்கப்பட்ட இடத்தின் எல்லையாக அமைந்தன. விமானத்தில் இன்று கிலோக்கணக்கில் அளக்கப்படும் சுமை அன்று இந்த இடத்தின் பரப்பால் அளக்கப்பட்டது எனலாம்.

தொடக்கத்தில் மலேயா சென்றவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து செல்லத் தொடங்கிய பின்னர்தான் வீட்டுச் சாமான் என்பது பயணத்தின் பகுதியாயிற்று. பித்தளைக் குடம், வெண்கலப் பானை, இட்லிக் கொப்பரை முதலியவை பெட்டிக்குள் ஏறின. இந்தப் பாலினக் கணக்கைப் பார்க்காமல் சமையற்கருவிகளின் வரலாற்றை எழுத முடியாது. ஏனெனில் ஆண்கள் மட்டும் வாழ்ந்த இடங்களில் அரைப்பு வேலை வீட்டுக்கு வெளியே, விலைக்குச் செய்யும் தொழிலாக மாறியது. மலேயா, சிங்கப்பூர்ச் சந்தைகளில் கல்லில் மசாலா அரைத்து, இலையில் வைத்து விற்ற இந்திய வணிகர்கள் இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம் தொழில் செய்தனர். மீன் குழம்புக்கு ஒரு கலவை, கறிக்கு ஒரு கலவை எனத் தமிழரோடு மலாய்க்காரரும் சீனரும் அவர்களிடம் வாங்கினர். ரஜுலாவின் காலத்துக்குப் பின் அதே தடத்தில் இந்தியக் கப்பல் கழகத்தின் சிதம்பரம் என்னும் கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் ஏற்பட்ட தீ பலரின் உயிரைக் கொண்டதோடு, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பயணிகள் கப்பலில் சாமான் கொண்டுசெல்லும் வழக்கத்தையும் ஏறக்குறைய முடித்துவைத்தது.

போனவர்களைப் போலவே திரும்பி வந்தவர்களும் இந்த வரலாற்றில் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். வடசென்னையைப் பொறுத்தவரை அவர்களே முதன்மையானவர்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வாழ்ந்தனர். 1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசியபின் லட்சக்கணக்கானோர் கால்நடையாகவே வெளியேறினர். எஞ்சியவர்களின் வாழ்வை 1962 மார்ச்சில் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின் அரசு குலைத்தது. 1964இல் கடைகள் நாட்டுடைமையாயின. அதே ஆண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டன. சென்னைக்குக் கப்பலேறியவர்கள் பணத்தையும் நகையையும் எடுத்துவரக் கடுமையான வரம்பு விதிக்கப்பட்டது. தலைமுறைகளாகச் சேர்த்த வீட்டுச் சாமானை அப்படியே விட்டுவிட்டுத் துறைமுகத்தில் இறங்கிய இக்குடும்பங்கள் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் வேறு பல இடங்களிலும் குடியமர்த்தப்பட்டன. பாத்திரம் வரவில்லை, பக்குவம் வந்தது: மைதா நூடுல்ஸைப் பிசைந்து தரும் அத்தோவும், வாழைத்தண்டு சேர்த்த மொய்ங்காவும் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் இன்றும் விற்கப்படுகின்றன. ஓர் அரசின் ஆணை எத்தனை பெட்டிகளைப் பிடுங்கிக்கொண்டாலும் கைப்பக்குவத்தைச் சோதனையிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வாறு வந்தவர்களின் பிழைப்புக்காக 1969இல் ராஜாஜி சாலையோரம், துறைமுக மதிலுக்கு எதிரே கடைகள் ஒதுக்கப்பட்டு உருவானதே பர்மா பஜார். வெறுங்கையோடு வந்தவர்களின் சந்தை, சில ஆண்டுகளில் சென்னையின் நடுத்தரக் குடும்பங்கள் வெளிநாட்டுச் சமையற்கருவிகளை முதன்முதலாகக் கையில் தொட்டுப் பார்த்த இடமாக மாறியது. அதற்குக் காரணம் சுங்கச் சட்டம். 1947இன் ஏற்றுமதி இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் இன்றி நுகர்பொருள்களை இறக்குமதி செய்ய முடியாதிருந்தது. ஆனால் 1962இன் சுங்கச் சட்டம், பயணி தன் சொந்தப் பயன்பாட்டுக்காகக் கொண்டுவரும் பயணச் சுமைக்கு ஒரு வரம்பு வரை தீர்வை விலக்கு அளித்தது. சட்டம் திறந்துவைத்த இந்தச் சிறு வாயிலின் வழியே ஒரு வணிகம் முழுதும் நுழைந்தது. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் மாறிமாறிப் பறந்து, வரம்புக்குள்ளும் வரம்பு மீறியும் சாமான் கொண்டுவந்தவர்களை மக்கள் குருவி என்று அழைத்தனர். அவர்கள் கொண்டுவந்த ஜப்பானிய ரைஸ் குக்கரும், டோஸ்டரும், ஃபிளாஸ்க்கும், மிக்ஸியும் பர்மா பஜார்க் கடைகளில் ஃபாரின் சாமான் என்ற பெயரோடு விலைபோயின.

அவற்றுள் ரைஸ் குக்கரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தானே நின்றுவிடும் மின்சாரச் சோற்றுப் பாத்திரத்தை டோஷிபா நிறுவனம் 1955 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது அளந்து விட்ட தண்ணீர் முழுவதையும் அரிசி குடித்துவிடும் முறையில் இயங்குவது. தமிழகத்தில் வேரூன்றிய முறையோ நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிடுவது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ்ந்த தமிழர் அண்டை வீட்டுச் சீனர்களைப் பார்த்து இந்தக் கருவிக்குப் பழகிக்கொள்ள, சென்னையில் அது பரணில் ஏறிய பெருமைப்பொருளாகவே பல வீடுகளில் தங்கிவிட்டது. உள்ளூரில் வேகமாகப் பரவியது பிரஷர் குக்கர். 1959ஐ ஒட்டி இந்தியாவிலேயே அதன் உற்பத்தி தொடங்கிவிட்டதால் அதற்குத் துறைமுகத்தை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வடசென்னை வெளியிலிருந்து வந்ததை விற்ற இடமாக மட்டும் இருந்துவிடவில்லை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர்ப் பகுதிகளில் எழுந்த எவர்சில்வர்ப் பட்டறைகள், துருவேறா எஃகுத் தகட்டை வெட்டி, அச்சில் அழுத்தி, மெருகேற்றித் தூக்குச்சட்டியும் குடமும் இட்லித் தட்டுமாக ஆக்கின. பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும், வெண்கலம் கனமானது என்ற நிலையில், எடை குறைந்ததும் புளிக்குக் கறுக்காததுமான எவர்சில்வர், வெளிநாடு செல்லும் பெண்ணின் பெட்டியில் மற்ற உலோகங்களை விரைவில் வென்றது. அந்தப் பட்டறைகளில் மெருகுச் சக்கரத்தின் முன் தூசியைச் சுவாசித்தபடி உழைத்தவர்களின் கை, லண்டனிலும் டொராண்டோவிலும் இன்றும் புழங்கும் டம்ளர்களில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்வது நியாயம்.

அரைக்கும் கருவி மின்சாரத்துக்கு மாறிய கதை வடசென்னையில் தொடங்கவில்லை. சீமென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர், பழச்சாறுக்கும் மாவு கலக்கவும் செய்யப்பட்ட ஐரோப்பிய மிக்ஸி இந்திய மசாலாவையும் மஞ்சளையும் தாங்காமல் எரிந்துபோவதைக் கண்டு, 1963இல் தொடங்கிய தொழிலின் வழியே வலிமையான மோட்டார் பொருத்திய சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். சென்னையில் 1978இல் தொடங்கப்பட்ட ப்ரீத்தி அதே தேவையைத் தமிழ்ச் சமையற்கட்டின் அளவுக்கு ஏற்பத் தொடர்ந்தது. மாவாட்டும் கிரைண்டர் கோவையில் பிறந்தது, 1955இல் பி. சபாபதி என்பவர் அதை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது, பின்னாளில் கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கருவி மட்டும் இருந்தால் போதாது, வீட்டுக்குத் தடையில்லாத மின்சாரம் வேண்டும். அதில் வடசென்னையின் பங்கு பெரிது. பேசின் பிரிட்ஜ் மின்நிலையம் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் நகருக்கு ஒளி தந்தது. 1970இல் உற்பத்தி தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் 450 மெகாவாட் திறன் வரை வளர்ந்து 2017 வரை இயங்கியது. 1994 முதல் வடசென்னை அனல் மின்நிலையம் சேர்ந்துகொண்டது. மாநிலத்தின் மிக்ஸிகள் சுழல எண்ணூர் மக்கள் கொடுத்த விலை, சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்திலும் குறைந்துபோன மீன்பாட்டிலும் கண்கூடாகத் தெரிகிறது. இந்தக் கடனை எந்த மின்கட்டணச் சீட்டும் காட்டுவதில்லை.

அமெரிக்காவின் 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் படித்த இந்தியர்களுக்குக் கதவைத் திறந்தபோது, சமையற்கருவிகளின் பயணத்தில் மூன்றாவது கட்டுப்பாடான மின்சாரம் முன்னுக்கு வந்தது. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், வளைகுடா நாடுகளில் பல ஆகியவற்றில் வீட்டு மின்சாரம் ஏறத்தாழ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் அப்படியே. வோல்ட் என்பது மின்னழுத்தம், அதாவது மின்சாரத்தைத் தள்ளும் விசையின் அளவு. ஹெர்ட்ஸ் என்பது மாறுதிசை மின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை முறை முழுச்சுற்று அடிக்கிறது என்பதன் அளவு. ஆகவே அந்த நாடுகளுக்குச் செல்பவர் பெரும்பாலும் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். இந்தியாவின் மூன்று உருண்டை முனைப் பிளக் பிரிட்டனின் பழைய தரத்திலிருந்து வந்தது. பிரிட்டன் 1947 முதல் செவ்வக முனைகளும் உள்ளே ஃபியூஸும் கொண்ட புதிய வகைக்கு மாற, சிங்கப்பூரும் மலேசியாவும் அதைப் பின்பற்றின. அமெரிக்காவிலும் கனடாவிலும் நிலை முற்றிலும் வேறு. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சவூதி அரேபியாவிலும் 60 ஹெர்ட்ஸ்தான்.

இந்த வேறுபாடு மிக்ஸியையும் கிரைண்டரையும் ஒரே விதமாகப் பாதிப்பதில்லை என்பது, வாங்குபவர்களில் பலருக்கு இன்றும் தெரியாத செய்தி. மிக்ஸிக்குள் இருப்பது கார்பன் பிரஷ் உரசி ஓடும் மோட்டார். அதன் வேகம் ஹெர்ட்ஸைச் சார்ந்ததன்று, வோல்ட்டையே சார்ந்தது. எனவே 230 வோல்ட் மிக்ஸியை அமெரிக்காவில் நேரே செருகினால் அது வலுவின்றிச் சுழலும்; அழுத்தத்தை உயர்த்தும் ஸ்டெப்அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இடையில் வைத்தால் ஊரில் ஓடியதுபோலவே ஓடும். கிரைண்டரின் கதை வேறு. அதில் பொதுவாக இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அது ஹெர்ட்ஸ் காட்டும் தாளத்துக்கே சுழலும். நான்கு காந்த முனைகள் கொண்ட அத்தகைய மோட்டாரின் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1,500 சுற்றும், 60 ஹெர்ட்ஸில் 1,800 சுற்றும் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே ஒழிய ஹெர்ட்ஸை மாற்றாது. ஆகவே ஊரிலிருந்து கொண்டுபோன கிரைண்டர் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடி, மோட்டாருக்குச் சுமையைக் கூட்டி, மாவையும் சூடாக்கும். மாவு சூடானால் இட்லி சரியாக எழும்பாது என்பது ஆட்டுக்கல் காலத்திலிருந்தே பெண்கள் அறிந்தது. கனமான இந்தக் கருவியோடு கனமான டிரான்ஸ்ஃபார்மரையும் வாங்கிச் சுமந்துபோன குடும்பங்கள் பட்ட பாட்டிலிருந்தே, 110-120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கென்று தனியாகச் சுற்றப்பட்ட மோட்டாரோடு ஏற்றுமதி மாடல்கள் சென்னையிலும் கோவையிலும் தோன்றின.

இதற்கிடையே கடல் வழி மூடிவிடவில்லை. பயணி போகாத கப்பலில் அவருடைய சாமான் மட்டும் போகும் முறை வலுப்பெற்றது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983இல் திறக்கப்பட்டது. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் செயல்படத் தொடங்கின. கன்டெய்னர் என்பது இருபது அல்லது நாற்பது அடி நீளத்தில் உலகெங்கும் ஒரே அளவாகச் செய்யப்படும் இரும்புப் பெட்டி. ஒரு குடும்பத்தின் சாமான் அதை நிரப்பாது என்பதால் பலருடைய சாமான்களைச் சேர்த்து ஒரே பெட்டியில் அடைக்கும் முறை ஏற்பட்டது. அவ்வாறு சேர்ப்பதும் பிரிப்பதும் சுங்கச் சோதனையும் நடக்கும் கிடங்குகள் திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ச் சாலைகளை ஒட்டி வளர்ந்தன. அந்தச் சாலைகளில் இரவும் பகலும் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளால் உள்ளூர் மக்கள் படும் துன்பமும் உயிர்ச்சேதமும் இந்த வளர்ச்சியின் மறுபக்கம். நாடு திரும்புபவர்களுக்கும் இதே கிடங்குகளே வாயில். பயணச் சுமை பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகள், வெளிநாட்டில் குறைந்தது இரண்டு ஆண்டு வாழ்ந்து குடியிருப்பை மாற்றிக்கொண்டு வருபவர், நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஐந்து லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான வீட்டுப் பொருள்களைத் தீர்வையின்றிக் கொண்டுவர இடமளித்தன. மைக்ரோவேவ் அடுப்பு, சமையல் எரிவாயு அடுப்பு ஆகியவை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெற்றன.

நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியிருந்த 715 வகைகள் 2001 ஏப்ரல் 1 அன்று நீக்கப்பட்டபோது, பர்மா பஜாரை வாழவைத்த தட்டுப்பாடு மறைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் இணைய வணிகம் வந்தது. 2007இல் பெங்களூரில் ஃபிளிப்கார்ட்டும் 2013இல் இந்தியாவில் அமேசானும் தொடங்கியபின், திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் ஒருவர் 110 வோல்ட் மிக்ஸியைக் கடை ஏறி விசாரிக்காமலே வீட்டு வாசலில் பெற முடிந்தது. அமெரிக்க இணையக் கடைகளிலும் தமிழகத்து மிக்ஸியும் மேசைக் கிரைண்டரும் கிடைப்பதால், போய்ச் சேர்ந்தபின் வாங்குவது என்ற வழியும் திறந்தது. விமானப் பெட்டிக்கு 23 கிலோ என்ற வரம்புக்குள் சுமார் பத்துக் கிலோ கிரைண்டரை வைப்பதா, அல்லது அங்கே கூடுதல் விலை கொடுப்பதா என்ற கணக்கு, ரஜுலாவின் தளத்தில் பாய் விரித்தவர் போட்ட கணக்கின் நேர் வாரிசு.

எனினும் இணையச் சந்தை ஒன்றைப் பறித்துவிட்டது. பர்மா பஜாரிலும் சென்னையின் மின்சாதனச் சந்தையான ரிச்சி தெருவிலும் கடைக்காரர், எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று முதலில் கேட்பார். அந்த ஒரு கேள்வியிலேயே வோல்ட், பிளக், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தீர்ந்துவிடும். இணையப் பக்கம் அதைக் கேட்பதில்லை. மிக்ஸியின் படமும் ஜாடிகளின் எண்ணிக்கையும் பெரிதாகவும், ஹெர்ட்ஸ் எங்கோ அடியிலும் இருக்கும்; சில நேரம் இருக்கவே இருக்காது. சுங்கமும் ஓய்ந்துவிடவில்லை. 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு அளித்துவந்த தீர்வை விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியபோது, இந்திய அஞ்சல் துறை அதற்குச் சில நாள் முன்பே அந்நாட்டுக்கான பெரும்பாலான பொட்டலங்களை ஏற்பதை நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மீண்டும் தொடங்கியது. மகளுக்குத் தாய் அனுப்ப நினைத்த இடியாப்ப அச்சும் அந்த நிறுத்தத்தில் அடங்கும்.

ஆகவே வெளிநாடு புறப்படும் குடும்பங்கள் மூன்று செய்திகளை வாங்கும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது: போகும் நாட்டின் வோல்ட் என்ன, ஹெர்ட்ஸ் என்ன, பிளக் எந்த வகை. மிக்ஸிக்கு முதலாவதும் மூன்றாவதும் போதும். கிரைண்டருக்கு மூன்றும் வேண்டும், கருவியின் அடியில் ஒட்டியுள்ள தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்ற எழுத்து இல்லையென்றால் அதை அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ எடுத்துச் செல்ல வேண்டாம்.